பங்களா காரின் ஹார்ன்

எங்கள் தோட்டத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட வருஷத்தில்தான் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்ததாக அம்மா சொல்வாள். புதிதாக வந்த துரை, தோட்ட மேனேஜர், ஜீப்பில் வந்தார். பங்களா கராஜில் பல காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய துரையின் கறுப்புக் காரை விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அப்பா தோட்டத்து லொறி டிரைவர். ரப்பர் பால் லொறியிலேயே காலம் போய்விடக் கூடாது, அந்தக் காரை வாங்கித் திருத்திக் கஹவத்தை டவுனுக்கு வாடகைக்கு ஹயர் ஓட்ட வேண்டும், இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது என்பது அவர் ஆசை.

பின் சீட்டில் கோழி முட்டையிடுகிற காரை எவனாவது வாங்குவானா என்று அம்மா கேட்டாள். எனக்கு அப்பா பேசினால் அப்பா சொல்வது சரியாகப் பட்டது, அம்மா பேசினால் அம்மா சொல்வது. தூங்கும்வரை இரண்டு பக்கமும் மாறிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மாமாவை வரவழைத்தார்கள். அம்மாவின் தம்பியான அவர் கஹவத்தையில் ஒரு சிங்கள பாஸிடம் மெக்கானிக் வேலை பழகியவர். அதனால் முக்கியமான எதையும் சிங்களம் கலக்காமல் சொல்ல மாட்டார். காருக்கடியில் படுத்துத் தட்டிப் பார்த்து, தகடெல்லாம் துருப்பிடித்து உக்கிவிட்டது என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு முன்மூடியைத் திறந்து, "எஞ்சின் ஹொந்தாய், நல்லாருக்கு மச்சான்" என்றார். இப்போது அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படியானால் வாங்கலாமா கூடாதா என்று அம்மா கேட்க, ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

துரையிடம் கேட்டு, லொறியின் பெட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பின் சீட்டில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொன்ன அம்மாவும் மாமாவோடு சேர்ந்து தள்ளினாள். சரிவில் இறங்கியதும் கார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மாமா பாய்ந்து ஏறிக்கொண்டார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்து ரோட்டில் வளைவு வந்தால் ஹார்ன் அடிக்க வேண்டும். அப்பா அடித்தார்.

வளைவுக்கு அப்பால் தாத்தா, அப்பாவின் அப்பா, வந்துகொண்டிருந்தார். காலமெல்லாம் அந்த மலையில் ரப்பர் பால் வெட்டியவர். மகன் வாங்கப்போகிற காரைப் பார்க்கத்தான் குடையோடு ஏறி வந்தார். ஹார்ன் கேட்டதும் ரோட்டை விட்டு, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கினார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி தண்ணீரில் நின்றார்.

அப்பா அவர் பக்கத்தில் காரை நிறுத்தினார். அப்போதும் தாத்தா நிமிரவில்லை. நான் கூப்பிட்ட பிறகுதான் பார்த்தார், வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஏங்கப்பா எறங்கி நிக்கிறீங்க?"

"தொரை காரு ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. காலு தானா எறங்கிருச்சுப்பா."

அப்பா முன் கதவைத் திறந்து ஏறச் சொன்னார். ஈரத்தோடு உட்கார்ந்தால் சீட்டு பாழாகிவிடும் என்று தாத்தா மறுத்துவிட்டார். கோழி முட்டையிட்ட காரின் சீட்டுக்கு இனி என்ன பாழ் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா ஸ்டியரிங்கை மாமாவிடம் கொடுத்துவிட்டு, தாத்தாவோடு நடந்தே லயத்து வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம், கார் வேண்டாம் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடாத காருக்கு அப்படி வாதாடியவர், ஓடிய காரை வேண்டாம் என்கிறார். அம்மாவோ, "இப்பதான் ஓடுதே, வாங்குங்களேன்" என்று கெஞ்சினாள். தாத்தாவைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம்தான் என்று கண்டுபிடித்து, ஹார்னை மட்டும் மாற்றினால் போதாதா என்று நான் கேட்டேன். அப்பா என் தலையைத் தடவினார். அந்த லொறியைத்தான் பென்ஷன்வரை ஓட்டினார்.

கார் வாங்காததில் எங்களில் அதிகம் ஏமாற்றமடைந்தவர் தாத்தா. சாகும்வரை லயத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தொரை ஒக்காந்த சீட்டுல எம்மகன் ஒக்காந்து ஓட்டிக்கிட்டு வந்தான், நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லத் தொடங்கினால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நல்ல கதையைக் கேட்காமல் ஏன் போகிறார் என்று நான் தாத்தாவைக் கேட்பேன். அவருக்கும் தெரியவில்லை.