ஆள் இருக்கும் வீடு

2005ஆம் ஆண்டு, மாசி மகம் முடிந்த மறுவாரம் என் தங்கை பிரான்சுக்குப் போனாள். அவள் கணவர் அங்கே ராணுவத்தில் இருந்தார். முத்தியால்பேட்டையில் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். பின்பக்கம் கிணற்றடி மட்டும் பொது. சாவியைக் கொடுக்கும்போது அவள் சொன்னாள்:

“ஒரு தடவ திருடன் பூந்தாலும் வித்துடணும்னு அவரு சொல்றாருண்ணே. சும்மா கெடக்கிற வீட்டுக்காக அங்க உக்காந்து யாரு பயந்துகிட்டு இருக்கிறதுங்கறாரு.”

விற்றுவிட்டால் அவள் வந்து இறங்க இந்த ஊரில் இடமில்லை. என் பாதி இருக்கிறது. ஆனால் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாக வருவதும் தன் வீட்டுக்கு வருவதும் ஒன்றா?

திருடர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எங்கள் பக்கத்தில் நடந்த திருட்டுகளையும் விசாரித்தேன். எல்லாம் பகலில் நடந்தவை. பூட்டை உடைக்கும் முன்பே திருடன் வீட்டைப் படித்துவிடுகிறான். வாசலில் சேர்ந்து கிடக்கும் பேப்பர், எடுக்காத பால் பாக்கெட், கோலமில்லாத படி, நாள் முழுக்க எரியும் வாசல் விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே தொங்கும் பூட்டு. அது அவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி.

ஆகவே தங்கை வீட்டுத் தெருக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். கிணற்றடி வழியாகப் போய் வந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கூடத்தில் லைட் போடுவேன். காலையில் என் மனைவி இரண்டு வாசலுக்கும் கோலம் போடுவாள். தங்கை விட்டுப்போன பழைய செருப்பை அவள் வாசல்படியில் வைத்தேன். மாடிக் கொடியில் அவளுடைய புடவையைக் காயப்போட்டேன். ஒரே புடவை தினமும் தொங்கினால் சந்தேகம் வருமே என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

“ஒங்க தங்கச்சி இங்க இருந்தப்பகூட இத்தன பொடவ மாத்தினது இல்ல” என்றாள் மனைவி.

சிரித்தேன். ஆனால் சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது அந்தச் சன்னலில் வெளிச்சம் தெரிந்தால், போட்டது நான்தான் என்று ஞாபகம் வர ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே சில நாட்கள் லைட் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

2007 கோடையில் ஒருவன் வந்தான். தோளில் பை, நல்ல சட்டை. தங்கை வீட்டைக் காட்டி, “இது வாடகைக்கு வருமா சார்?” என்றான்.

“இல்லப்பா. என் தங்கச்சி இருக்கா.”

“ஆளே காணோமே?”

“தூங்கறா” என்றேன். அதைச் சொல்ல வாய்க்கு எவ்வளவு பிடித்திருந்தது!

எதிர்வீட்டில் தையல்கடை வைத்திருந்த பாய், மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்: “மாடியில பொடவ காயுது, கண்ணு தெரியலியா தம்பி? எழுப்பிக் கேளு, நல்லா குடுக்கும் அந்தம்மா!”

அவன் போய்விட்டான். திருடனா, நிஜமாகவே வீடு தேடி வந்தவனா, தெரியாது.

அதே வருஷம் ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை, உறவில் காதுகுத்து என்று அரியாங்குப்பம் போனோம். எங்கள் வீட்டுக் கதவில் பெரிய பூட்டாகப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். சாப்பிட்டுத் திரும்பினால் அந்தப் பூட்டு கீழே கிடக்கிறது. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். பீரோவிலிருந்த மனைவியின் வளையல்களும் வெள்ளிக் குத்துவிளக்கும் போய்விட்டன. இத்தனை படித்தவன் என் வாசலைப் படித்துப் பார்க்கவில்லை.

சிவப்புத் தொப்பியோடு வந்த போலீஸ்காரர் கிணற்றடி வரை போய்ப் பார்த்தார். “பின்பக்கமா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல பாருங்க. ஆள் இருக்குன்னு பயந்துட்டான்” என்றார். பிறகு தெருவுக்கு வந்து, தங்கை வாசலில் இருந்த செருப்பை லத்தியால் லேசாகத் தட்டினார்.

“அந்தம்மாவக் கூப்புடுங்க. ஏதாச்சும் சத்தம் கேட்டிருப்பாங்க.”

நான் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன். கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. அவள் பேர் வாய்வரை வந்துவிட்டது. மனைவிதான் பதில் சொன்னாள்: “அவங்க பிரான்ஸ்ல இருக்காங்க சார்.”

“அப்ப இந்தச் செருப்பு?”

“அது இவரு வெச்சது.”

போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்க வீட்டுக்கும் ஒரு ஜோடி வெச்சிருக்கலாமே சார்” என்றார். பாய்கூடச் சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கை போன் செய்தாள். “வூடு எப்பிடிண்ணே இருக்கு?”

“ஒன் வூட்டுல ஒரு துரும்பு அசையல.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது கேட்டது. “அப்ப விக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லிடறேன். லீவு கெடைச்சா வரேண்ணே.”

எப்போது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டைப் பற்றிச் சொல்லவும் தோன்றவில்லை. திருட்டு நடந்த மறுநாளே என் கதவுக்கு உள்பூட்டு வைத்தாயிற்று.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். லத்தி பட்டதில் அவள் செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது, யாரோ கிளம்பிப் போகிறாற்போல. குனிந்து வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.