ஐந்துக்குப் பிறகு

பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். வில்ஃப்ரீட் கைசெலனுக்கு அது கிடையாது. வயது அறுபத்து மூன்று. பெல்ஜியத்தில் பாசெண்டேல் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போடுகிற விவசாயி. இதை அவர் மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறார்: மனைவியிடம், டாக்டரிடம், என்னிடம். மூன்று முறையும் நேரம் மாறவில்லை. எண்ணிக்கையும் மாறவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

போன நவம்பர், ஒரு வியாழக்கிழமை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வயலில் வடிகால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போர் நடந்த இடம் அது; அந்த மண்ணைக் கிளறினால் இரும்பு வரும். வெடிக்காத குண்டு வந்தால் கரண்ட் கம்பத்தடியில் வைத்துவிட்டு ராணுவத்துக்கு போன் செய்வார்கள். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை.

அன்று வந்தது குண்டு இல்லை. ஆளுயர ஆழத்தில், நீலக் களிமண்ணுக்குள், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு தகரப் பெட்டி. வில்ஃப்ரீடுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் போரில் ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த துப்பாக்கியின் அடியில் மாட்டுகிற, தோட்டா அடைக்கும் மேகசின். அந்தத் துப்பாக்கியில் வழக்கமாக ஐந்து தோட்டாதான் அடைக்க முடியும். ஐந்தும் தீர்ந்தால் நிறுத்தி மறுபடி அடைக்க வேண்டும். பதுங்குகுழியில் இருந்தவர்களுக்காகத்தான் இந்த நீள மேகசினைச் செய்தார்கள். இதில் இருபத்தைந்து பிடிக்கும்.

அதே வகைத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. லைசென்ஸும் இருந்தது. ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

பெட்டியை அவர் கழுவுவதைப் பார்த்து மனைவி ரோசெலீன் சொன்னார்: "என்னைக்கூட நீ இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

"நீ துருப்பிடிக்கலையே."

"இன்னும் ரெண்டு மழைக்காலம் போகட்டும்."

சிரித்தார்கள். ஆனால் கழுவி முடித்ததும் வில்ஃப்ரீடுக்கு ஒன்று உறுத்தியது. நூறு வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்த ஸ்பிரிங் அது. விரலால் அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ளியது.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 4:20. பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து மேகசினைத் துப்பாக்கியில் மாட்டினார். ராவ வேண்டியிருக்கும் என்று அரம் எடுத்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. க்ளிக்... ஒரே தடவையில் உட்கார்ந்துவிட்டது.

மருந்து இல்லாத டம்மி தோட்டா ஐந்து போட்டார். தோட்டாவை உள்ளே ஏற்றுகிற போல்ட்டை இழுத்தார், தள்ளினார். சடக்... சடக். டம்மி ஒன்று வெளியே விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

மறுபடி அடைக்கலாம் என்று கையை எடுத்தார்.

வெளியே யாரோ ஓடினார்கள்.

கனமான பூட்ஸ். ஈர மண்ணில் சொத்... சொத்... சொத்... பத்தடி இருக்கும். பட்டறையை நோக்கித்தான். பிறகு நின்றுவிட்டது.

கதவைத் திறந்து பார்த்தார். வயல் வெறுமையாக இருந்தது. கால்தடம் எதுவும் இல்லை. ஆனால் வாசலுக்குப் பத்தடி தள்ளி, புல்லின் மேல் ஒரு கைப்பிடி களிமண் கிடந்தது. நீலக் களிமண். கலப்பை எட்டாத ஆழத்து மண்.

"நீ வயல் பக்கம் வந்தியா?" என்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டார்.

"இந்தச் சேத்துலயா? எனக்கென்ன பைத்தியமா?"

சனிக்கிழமை, காலை 7:10. மூடுபனி. கரண்ட் கம்பம்கூடத் தெரியவில்லை. ரோசெலீன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வில்ஃப்ரீட் பட்டறைக்குப் போய் இருபத்தைந்து டம்மியையும் அடைத்தார்.

ஏன் போனார் என்று கேட்டேன். "ஓடினது நாயோ மாடோன்னு முடிவு பண்ணிட்டா நிம்மதியாத் தூங்கலாமேன்னுதான்," என்றார்.

சடக்... சடக். ஒன்று.

சடக்... சடக். இரண்டு.

மூன்றாவதில் அவர் காதில் ஒரு குரல் விழுந்தது. வெளியே, தூரத்தில், தாழ்வாக. இங்கிலீஷில் எண்ணியது.

த்ரீ...

அவர் கை நிற்கவில்லை.

ஃபோர்... ஃபைவ்.

ஓட்டம். நேராக அவரை நோக்கி. சொத், சொத், சொத்...

பயத்தில் போல்ட்டை இழுத்துத் தள்ளினார். ஆறு.

தொப்.

வயலில் ஏதோ விழுந்தது. ஓட்டம் நின்றது.

கையை நிறுத்திக் காத்திருந்தார். சத்தமே இல்லை. பிறகு இன்னொரு ஜோடி பூட்ஸ். இதுவும் அதே பக்கமிருந்து. இன்னும் வேகமாக.

சடக். ஏழு. தொப்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஓடி வருகிறவர்கள் எண்ணிப் பழகியவர்கள். ஐந்து முடிந்தால் எதிராளி நிறுத்துவான், அடைப்பான், அந்த இடைவெளியில் ஓடலாம் என்று தெரிந்தவர்கள். ஆனால் இது நிற்காது. அது அவர்களுக்குத் தெரியாது.

எட்டு. ஒருவன் "அம்மா" என்று கூப்பிடுவது மாதிரி இருந்தது.

ஒன்பது. பத்து.

நிறுத்தினால் ஓடி வந்தார்கள். தள்ளினால் விழுந்தார்கள்.

அவர் நிறுத்தவில்லை.

பதினைந்து... பதினாறு...

கண்ணில் தண்ணீர் வழிந்தது. கை தன்பாட்டில் ஓடியது.

பதினெட்டு. தொப்.

பத்தொன்பது...

மாட்டிக்கொண்டது.

தோட்டா குறுக்கே சிக்கி, போல்ட் பாதியில் நின்றது. இழுத்தார். வரவில்லை.

ஓட்டம் நிற்கவில்லை.

சொத். சொத். சொத்.

வாசல்.

கதவு திறக்கவில்லை.

ஆனால் உள்ளே... சிமெண்ட் தரையில்... ஒரு நீலத் தடம்.

இன்னொன்று.

இன்னொன்று.

பின்னால் ஜன்னல் இருந்தது.

7:31-க்கு ரோசெலீன் அவரைப் பீட் கிழங்கு வரிசைகளுக்கு நடுவே பார்த்தார். கணுக்கால் முறிந்திருந்தது. உள்ளங்கைகளில் கண்ணாடிச் சில். மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்று வில்ஃப்ரீட் நினைத்திருந்தார். இருபத்தொரு நிமிஷம்.

"நான் நிறுத்தியிருந்தா வந்திருப்பாங்க, அவ்வளவுதானே," என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னார். "வந்தா வந்துட்டுப் போறாங்க. நான் ஏன் நிறுத்தல, ரோசெலீன்?"

"யாரு வந்திருப்பாங்க? அங்க யாருமே இல்லப்பா."

"பதிமூணு பேரு விழுந்தாங்க."

துப்பாக்கியையும் மேகசினையும் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். பட்டறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. பிப்ரவரியில் ரோசெலீனே ஆள் வைத்து அதை இடித்தார்.

மார்ச்சில் வடிகால் வேலையை மறுபடி ஆரம்பித்தபோது பள்ளத்தில் எலும்பு தட்டுப்பட்டது. போரில் இறந்தவர்களைத் தேடி எடுக்கிற குழு வந்தது. அதன் தலைவி வீர்லே, முப்பது வயதுப் பெண். மூன்று வாரம் தோண்டினார்கள். வில்ஃப்ரீட் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. கடைசி நாள் மத்தியானம் வீர்லேதான் சமையலறைக்கு வந்து காப்பி குடித்தார்.

"எல்லாரும் பிரிட்டிஷ் ஆளுங்க," என்றார். "ஒரே குழியிலேருந்து கிளம்பியிருக்காங்க. ஆனா சேந்தாப்புல இல்ல, ஒவ்வொருத்தரா. முதல்ல விழுந்தவன் மேலயே அடுத்தவன் விழுந்து கிடக்கான். ஏன் இப்படித் தனித்தனியா ஓடினாங்கன்னுதான் புரியல."

"எத்தனை பேரு?" என்றார் ரோசெலீன்.

"வயல்ல பதிமூணு."

ரோசெலீன் கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தார். வில்ஃப்ரீடைப் பார்க்கவில்லை.

வில்ஃப்ரீட் மெதுவாகக் கேட்டார்: "பதினாலாவது ஆளு?"

வீர்லே நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு யாரு சொன்னா? காலைலதானே கண்டுபிடிச்சோம்."

ஊன்றுகோலோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறை இருந்த இடத்தில், சிமெண்ட் தரையைப் பெயர்த்து, ஆளுயரத்துக்குப் பள்ளம். அவர் ஸ்டூல் போட்டு உட்காரும் மூலைக்கு நேர் கீழே இரண்டு பேர். மல்லாந்து கிடந்தவன் ஜெர்மன்காரன். கையில் துப்பாக்கி; அதன் அடியில் மேகசின் இல்லை. போல்ட் பாதியில் நின்றிருந்தது. அவன் மேல் கவிழ்ந்து கிடந்தான் இன்னொருவன்.

வீர்லே குனிந்து காட்டினார்.

"இவன் உடம்புல மட்டும் ஒரு குண்டுகூடப் படல," என்றார். "இவன் வந்து சேந்துட்டான்."