மூன்றாவது பெட்டியின் வேட்பாளர்

லீலா வக்கீலானது சட்டக் கல்லூரியில் என்று அவளுடைய பட்டம் சொல்லும். பெங்களூர் ரயிலின் மூன்றாவது பெட்டி அதை ஒப்புக்கொள்ளாது! தங்கச் சுரங்கத்தில் ஆளிறக்கும் கேஜ் ஓட்டிய தம்மபாலனின் ஒரே மகள் அவள். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து விடியுமுன் அந்த ரயிலில் கிளம்பி, இருட்டியபின் திரும்பி, அப்படித்தான் படித்தாள். ஜன்னல் சீட்டில் முதலில் கைக்குட்டை போட்டது யார் என்பதே அவள் வாதாடிய முதல் வழக்கு. அதில் தோற்றுப்போன சக பயணி சேரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மறு வருடம் அவனுக்கே மாலையிட்டாள்!

அதே ரயிலில் தினமும் போய்வந்து பெங்களூரில் வழக்கறிஞராகப் பேரெடுத்தவளை, தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற லைன் வீட்டுப் பெண்களின் முகம் உறங்கவிடவில்லை. சொந்த ஊர் நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். சின்னம் சீப்பு.

எங்கே ஓட்டுக் கேட்டாள்? தனக்குத் தெரிந்த ஒரே உலகத்தில்தான்! பெட்டி முழுக்க சீப்புகள் பறந்தன. "லாயரம்மா வாழ்க!" என்று ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

பிரசாரத்தின் கடைசி நாள் மாலை, ரயில் திரும்பி வரும்போது, தினமும் அதே பெட்டியில் வரும் நர்ஸ் லூயிசா கேட்டாள்: "லீலா, ஆண்டர்சன்பேட்டை பூத்துல உன் பேர் மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

லீலா சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆண்டர்சன்பேட்டையா? அது வேற வார்டாச்சே! என் வார்டுக்காரங்கல்லாம் கை தூக்குங்க!"

ஒரே ஒரு கை எழுந்தது. சேரனுடையது.

"நான் பங்காருபேட்டைங்க," என்றது ஒரு குரல் பரிதாபமாக. "ஊரே வேற. ஆனா சீப்பு மட்டும் நாலு வாங்கினேன்."

லீலா முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். லூயிசா அவளை உலுக்கினாள். "அழுவாத! இன்னிக்கு எல்லாரும் ஊரிகத்துல இறங்கறோம்!"

இறங்கினார்கள்! டிபன் கேரியரும் லேப்டாப் பையுமாக மொத்தப் பெட்டியும் லைன் வீடுகளுக்குள் புகுந்தது. முதல் கதவைத் திறந்தவர் பென்ஷன்தாரர் பெருமாள்.

"இன்னா கூட்டம்? நான் இன்னும் உயிரோடதான் கீறேன்!"

"சீப்புக்கு ஓட்டுப் போடுங்க, தாத்தா."

அவர் தன் வழுக்கையைத் தடவினார். "என்கிட்ட வந்தா சீப்பு குடுக்கறீங்க?"

உள்ளிருந்து அவர் மனைவி பார்வதம்மா சிரித்தாள். "என்கிட்ட குடுங்க!"

பெருமாள் லீலாவை உற்றுப் பார்த்தார். "தம்மபாலன் பொண்ணுதான நீ? ரயில்லயே குடியிருக்கற. ஜெயிச்சா உன்ன எங்க போய்த் தேடறது?"

லீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயிச்சா ரயில் ஏற மாட்டேன், பெரியப்பா. இங்கயே கோர்ட்டுக்குப் போவேன். இங்கயே இருப்பேன்."

லூயிசாவின் முகம் வாடியது. ஆனாலும் அவள்தான் முதலில் கை தட்டினாள்.

சீப்பு ஜெயித்தது!

முடிவு வந்த மறுநாள் விடியலில், பழகிய கால்கள் லீலாவை ஸ்டேஷனுக்கே இழுத்து வந்தன. நன்றி சொல்லத்தானே என்று படியில் ஒரு கால் வைத்தாள். உள்ளிருந்து பத்துக் கைகள் அவளைச் செல்லமாகக் கீழே தள்ளின.

"பெருமாள் தாத்தாகிட்ட இன்னா சொன்ன? போ, போ!" என்று அதட்டிய லூயிசாவின் குரல் உடைந்தது.

ஜன்னல் வழியே லீலா எட்டிப் பார்த்தாள். அவளுடைய சீட்டில் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு சீப்பு கிடந்தது.

"அஞ்சு வருஷத்துக்குப் பிடிச்சு வச்சிருக்கோம்," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த சேரன். "இந்தக் கேஸ்லயாவது என்ன ஜெயிக்க விடு!"

ரயில் நகர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள் லீலா. பின்னாலிருந்து பார்வதம்மாவின் குரல் ஊரிகத்தையே எழுப்பியது.

"கவுன்சிலரம்மா! தண்ணி லாரி வந்துட்ச்சு, ஓடி வாங்க!"

லீலா ஓடினாள்.