இரும்பு படாத பெட்டி

பிரஹலாத் கையில் எடுத்த காரியம் எதுவும் முடிந்ததில்லை என்பது கீழ உத்திர வீதியில் அவனைத் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். வேண்டுமானால் அவன் வீட்டு மாடிக்கு ஏறிப் பார்க்கலாம். மீன் ஒன்றுகூட நீந்தாத மீன்தொட்டி, பாதி வர்ணம் அடித்த சைக்கிள், ஒரே மாதம் வாசித்த கீபோர்டு எல்லாம் அங்கே தகரக் கொட்டகைக்குள் அடைந்து கிடந்தன. நாற்பத்தைந்தைத் தாண்டியவன், ஊருக்குள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. அங்கே அவன் மேஜையில் ஒரு ஃபைல் தங்காது. வீட்டு வேலை என்று வந்தால் மட்டும் கை பாதியில் நின்றுவிடும்.

அவனுடைய அண்ணா ஆராவமுதன் நேர் எதிர். படிப்பு, பெங்களூர் வேலை, அங்கே சொந்த வீடு என்று எடுத்ததையெல்லாம் முடித்தவன். "அவனுக்கு முடிக்கத் தெரியும், உனக்கு ஆரம்பிக்கத் தெரியும்" என்று அப்பா சடகோபன் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அதை அன்றே மறந்துவிட்டார். பிரஹலாத் மறக்கவில்லை.

இந்தத் தடவை சிக்கியது பெருமாள். அப்பா தினமும் திருவாராதனம் பண்ணும் சாளக்கிராமப் பெருமாளின் மரப்பெட்டியை, கோயிலாழ்வார் என்று அந்த வீட்டில் மரியாதையாகச் சொல்லும் அந்தப் பெட்டியை, கரையான் தின்றுவிட்டது. அடிப்பலகை ஒருநாள் அப்படியே உதிர்ந்தது. அப்பா பதறிப்போய் பெருமாளை ஒரு புது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினார். தினமும் காலையில் அந்த டப்பாவைத் திறக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

அதே சமயம் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. ஆபரேஷன் பெங்களூரில், அதற்கப்புறம் பெரிய பிள்ளையோடு வாசம். பெருமாளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது அப்பா தெளிவாகச் சொன்னார்.

"காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுலயே இருந்த பெருமாள்டா இவர். கோயிலாழ்வார் ஆயிடுத்துன்னா இங்கேயே ஏளியிருக்கட்டும், நீ திருவாராதனம் பண்ணு. டப்பால வச்சுட்டுப் போக மாட்டேன். ஆகலேன்னா என்னோட வரட்டும். ஆராவமுதன் பெருமாளை ஏளப்பண்ணக் கடைல ஒரு மர மண்டபம் வாங்கி வச்சிருக்கானாம்."

"நானே பண்றேன்ப்பா" என்றான் பிரஹலாத்.

உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் நின்றது. அவன் மனைவி ஹம்ஸா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, சித்திரை வீதி மரக்கடைல கேட்டா பண்ணிக் குடுப்பாளே?"

"வாங்கறதுன்னா அண்ணாதான் வாங்கிட்டானே. நான் எதுக்கு?"

அண்ணாவுக்கு எல்லாம் கிடைத்தது, இந்தப் பெருமாளாவது என்னிடம் இருக்கட்டும் என்பதுதான் அவன் மனதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆணி, ஸ்க்ரூ எதுவும் வேண்டாம். இரும்பு படப்படாது."

"அறுக்கற பிளேடு இரும்புதானேப்பா?"

"அது அறுத்துட்டுப் போயிடும். கூடவே இருக்காது."

ஆணி இல்லாமல் பெட்டி செய்ய ஒரு வழி இருக்கிறது. இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல, பலகைகளின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பசை போட்டுவிட்டால் பெட்டி இறுகிக்கொள்ளும். மன்னார்புரத்தில் போட்டோ ஃப்ரேம் கடையை மூடிய பிரிட்டோ என்ற சிநேகிதனிடம் ஒரு பழைய டேபிள் ரம்பம் சும்மா கிடந்தது. அது ஆட்டோவில் ஏறி, பாலம் தாண்டி, நாலு பேர் தோள்மேல் மாடிக்கு வந்து சேர்ந்தது. மரக்கடையில் நல்ல பலாப்பலகையாகப் பார்த்து வாங்கினான். பெருமாளுக்கான பலகை செருப்புக் கால் படும் மாடியில் கிடக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், பலகைகள் கீழே பூஜை அறைச் சுவரில் சாய்ந்தன. வெட்டும்போது மட்டும் மேலே போகும் ஏற்பாடு.

பல்லை ஒரே அளவில் வெட்டுவதற்கு ஒரு சட்டம் தயாரிக்க வேண்டும். ஜிக் என்பார்கள். சொன்னால் சின்ன விஷயம்தான். ஒரு கட்டையை நிற்கவைத்து, பிளேடுக்குப் பக்கத்தில் சரியாக ஒரு வெட்டு அகலம் தள்ளி, அதே அகலத்தில் ஒரு சின்ன முளையைப் பதிக்க வேண்டும். பலகையில் ஒரு வெட்டு போட்டு, அந்த வெட்டை முளையில் மாட்டி அடுத்த வெட்டு, அதை மாட்டி அடுத்தது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே காப்பி ஆறுவதற்குள் இதைச் செய்து முடித்தார். பிரஹலாத்துக்கு அந்த ஆளின் பல்லைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் நிலைமை ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

முளை ஒரு மயிரிழை தள்ளிப்போனால் போதும். முதல் பல்லில் தெரியாது, இரண்டாவதில் தெரியாது. அந்த மயிரிழை ஒவ்வொரு பல்லிலும் சேர்ந்து சேர்ந்து, கடைசிப் பல் எதிர்ப்பலகையின் பல்மேலேயே போய் இடிக்கும். ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு ஓடி, முளையைத் தட்டுவான். இந்தப் பக்கம் தட்டினால் இறுக்கம், அந்தப் பக்கம் தட்டினால் தொளதொளப்பு. முளைக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து வைத்துப் பார்த்தான். அது தடிமன் ஜாஸ்தி. பஸ் டிக்கெட்டை வைத்தான். பாதிக் கிணறு தாண்டியது.

"ஏன்னா, சாத்தமுது ஆறிண்டிருக்கு!"

"ஆறட்டும்!"

கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் ஜிக் அவனுக்கு வசப்பட்டது. துண்டுப் பலகைகளில் வெட்டிப் பார்த்தான். உள்ளங்கையால் ஒரு அழுத்து, டக் என்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து ஆட்டியும் விழவில்லை. அவன் கீழே ஓடி வந்து ஹம்ஸாவிடம் காட்ட, அவள் ஆசிரியை ஆயிற்றே, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கையோடு வாங்கிப் பார்த்து, "நன்னாத்தான் இருக்கு" என்றாள். அந்த வீட்டில் அது பெரிய விருது.

அந்த உற்சாகத்தில் பூஜை அறையிலிருந்து பக்கப் பலகைகள் இரண்டையும் மேலே கொண்டுபோய் வெட்டினான். வெயில் கொளுத்தும் கொட்டகையிலேயே அவற்றை வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பலகையையும் பின்பலகையையும் வெட்டினான். செருகினான். நாலு பல் உள்ளே போயிற்று. ஐந்தாவது முரண்டு பிடித்தது. கடைசிப் பல் அப்பட்டமாக இடித்தது.

அவனுக்கு நம்ப முடியவில்லை. ஜிக்கைச் சோதித்தான். துண்டுப் பலகையில் வெட்டினால் டக் என்று உட்கார்ந்தது. நல்ல பலகையில் வெட்டினால் இடித்தது. பலகை நீளமாகத்தான் வாங்கியிருந்தான். முன்பலகை, பின்பலகை இரண்டின் ஓரத்தையும் அறுத்துத் தள்ளிவிட்டு மறுபடி வெட்டினான். வெட்டிய பலகையைக் கீழே சுவரில் சாய்ப்பான், மறுநாள் எடுத்தால் நேற்றைக்கு இருந்த இடிப்பு இன்றைக்கு வேறு மாதிரி இருக்கும். பிளேடைக் குற்றம் சொன்னான், பெல்ட்டை மாற்றினான், பிரிட்டோவுக்கு போன் போட்டுக் கத்தினான். "உன் மெஷின்ல ஏதோ கோளாறுடா!"

"எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான்டா ஓடுச்சு" என்றான் பிரிட்டோ. "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! அண்ணா காரோடு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபீஸில் பாலிசி கட்ட வந்த ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் வெளியே போய் மன்னிப்புக் கேட்டான். பலகையில் அறுத்துத் தள்ள இனி இடமில்லை என்ற நிலை வந்தபோது, முளைக்குப் பின்னால் அதற்கப்புறம் வைத்த காகிதங்களை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை அளவுக்கே திரும்பிப் போய்க் கடைசித் தடவையாக வெட்டினான். இடித்தது. பெட்டி உட்காராமல் கோணிக்கொண்டு அவனைப் பார்த்து இளித்தது. முடிக்கத் தெரியாதவன் என்று அப்பா சொன்னது சரிதான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. அழுகை வரவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

அண்ணா வரவேண்டிய அன்று விடிந்ததும் கீழே சாய்த்திருந்த முன்பலகையையும் பின்பலகையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பிரஹலாத் பூஜை அறைக்குப் போனான். அப்பா ஸ்நானம் பண்ணி, திருமண் இட்டுக்கொண்டு, ஈர வேஷ்டியோடு நின்றிருந்தார். வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செம்பிலிருந்த காவேரித் தீர்த்தத்தைப் பலகையின் இரண்டு பக்கமும் விட்டு, பிறகு ஒரு துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"மரக்கடைலேர்ந்து லாரி, ஆட்டோன்னு எங்கெங்கேயோ கிடந்து வந்த மரம்டா. பெருமாளைத் தாங்கப் போறதோன்னோ, சுத்தி பண்ண வேண்டாமா? வந்த நாள்லேர்ந்து தினமும் பண்ணிண்டிருக்கேன்."

பிரஹலாத் அங்கேயே நின்றான். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மாடியில் வெயிலில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கிறது. கீழே தினமும் தீர்த்தமாடிய பலகை ஊதியிருக்கிறது. ஜிக் சரி, பிளேடு சரி, பிரிட்டோவின் மெஷின் சரி. மாலையில் அவன் ஆபீஸ் விட்டு வந்து தொடும்போது பலகையின் மேல்பரப்பில் ஈரம் இருக்காது. உள்ளே இருந்திருக்கிறது.

அவனுக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. "மரம் தண்ணி குடிக்கும்ப்பா! ஊதிக்கும்! இத்தனை நாளா மாடில நான் பைத்தியக்காரன் மாதிரி மண்டையை உடைச்சுண்டிருக்கேன், நீங்க கீழே அதுக்குத் திருமஞ்சனம் பண்ணிண்டிருக்கீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அப்பா கையில் துணியோடு விழித்தார். "தண்ணி படப்படாதுன்னு நீயும் சொல்லலியேடா."

"எனக்கென்ன கனவா வந்தது?"

"மாடில நீ போடற சத்தத்துல யார் உன்கிட்ட என்ன சொல்றது?" அவர் குரல் இறங்கிவிட்டது. செம்பைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். அதைப் பார்த்தும் பிரஹலாத்துக்கு இரக்கம் வரவில்லை. இரக்கம் வராததில் இன்னும் கோபம் வந்தது. அந்த இரண்டு பலகைகளையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், மற்ற இரண்டோடு கோணலாகவே செருகி வைத்தான்.

மத்தியானம் ஆராவமுதன் வந்தான். மாடிக்குப் போய்க் கோணிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நல்லவன்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தளிகை ஆகி, பெருமாளுக்கு அமுது செய்வித்து, எல்லோரும் சாப்பிட்டார்கள். அப்பா கார் முன்சீட்டில் ஏறி, எவர்சில்வர் டப்பாவைப் பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வரேன்டா" என்றார். பிரஹலாத் கார் கதவைச் சாத்தினான்.

அதற்கப்புறம் அவன் மாடிப்பக்கமே போகவில்லை. பூஜை அறையில் விளக்கு மட்டும் எரிந்தது. டப்பா இருந்த இடத்தில் ஹம்ஸா ஒரு கோலம் போட்டு வைத்தாள். பெங்களூரிலிருந்து போன் வந்தால் அவள்தான் பேசுவாள். ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று, அப்பா நடக்கிறார் என்ற செய்தியெல்லாம் அவனுக்கு அவள் வழியாகத்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடாம் காயப்போட மாடியில் இடம் வேண்டும் என்று அவள் விரட்டியதால், அந்த மரக்குப்பையைத் தூக்கியெறியப் போனான். நாலு பலகையும் வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடந்தன. எறிவதற்கு முன்னால், சொறிகிற கை சும்மா இருக்காமல், ஒன்றில் ஒன்றை வைத்து அழுத்தினான்.

டக்.

இன்னொரு மூலை. டக். நாலு மூலையும் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தன. அவன் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். இப்போது வந்து உட்கார்கிறாயே, என்று அதை ஓங்கிப் போட்டு உடைக்கலாம்போல இருந்தது. ஹம்ஸா மேலே வந்தாள், பார்த்தாள், தன் போனில் வீடியோ கால் போட்டு அவன் கையில் திணித்துவிட்டாள்.

திரையில் அப்பாவின் நெற்றிதான் முதலில் வந்தது. பிறகு கண்.

"ஆயிடுத்துப்பா" என்று பெட்டியைக் காட்டினான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆணி?"

"கிடையாது."

"மூலையைக் காட்டு."

காட்டினான். "அடிப்பலகையும் பசையும் இன்னிக்கே போட்டுடுவேன். உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்லை" என்றான். "பெருமாள்தான் அங்க மண்டபத்துல சௌக்கியமா ஏளியிருக்காரே."

"மண்டபத்துலயா? அதுல பாத்த எடமெல்லாம் ஸ்க்ரூடா. நான் அதுல வைக்கவே இல்லை. இன்னும் டப்பாலதான் ஏளியிருக்கார்."

"இத்தனை நாளாவா? ஏம்ப்பா சொல்லலை?"

"நீ எங்க போனுக்கு வந்தே?"

பிரஹலாத்துக்கு மறுபடியும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எடுத்துண்டு வா. வந்து பெருமாளை ஏளப்பண்ணிண்டு போ. இங்க தினமும் மழைடா, பெட்டி நனையாமப் பார்த்துக்கோ."

நனையாமலாம்! யார் சொல்கிறார் பாருங்கள். பிரஹலாத் "சரிப்பா" என்று போனை ஹம்ஸாவிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சுற்ற பிளாஸ்டிக் ஷீட் தேடக் கீழே இறங்கினான்.