எனக்கு அம்மை போட்டிருந்ததா?

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குச் சளி, இருமல், சொறி, பேன் எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். விளாங்குடியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மூக்கைத் துடைக்க முப்பத்தெட்டும் என் முந்தானையைத்தான் தேடும். நானும் கண்டுகொள்வதில்லை. ஆனால் போன வருஷம் ஆடி மாதம் நான் இரண்டரை மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது மாமியாரின் உத்தரவு. எங்கள் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஏன் இப்படி வாந்தி எடுக்கிறாய் என்று கேட்டவர்களிடம் கேஸ் டிரபிள் என்று சொல்லிவைத்தேன். பாவம், ஆளுக்கொரு பாட்டில் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்டாஃப் ரூமில் என் மேஜை நாட்டுமருந்துக் கடை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் பெஞ்சில் இருக்கிற ஒருத்தி சிணுங்கிக்கொண்டே இருந்தாள். உடம்பு லேசாகச் சுட்டது. மத்தியானம் முழுக்க என் மடியில்தான் படுத்துக் கிடந்தாள். மறுநாள் வரவில்லை. ஊருக்குப் போகிறோம், ஒரு வாரம் லீவு வேண்டும் என்று அவள் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. சரி என்று பதில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

வியாழக்கிழமை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், அவ ஊருக்கெல்லாம் போகல. அவுக வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருக்காக."

வேப்பிலை என்றால் வீட்டில் அம்மை. இடைவேளையில் போன் போட்டு அந்த அம்மாவைப் பிடிபிடி என்று பிடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கத்தினேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். ஆத்தா வீட்டில் இறங்கியிருக்கும்போது ஊரெல்லாம் சொல்லி, நாலு பேர் பார்க்க வந்து, தீட்டுப் பட்டால் அவள் கோபித்துக்கொள்வாளாம். மூன்று தண்ணீர் ஊற்றி அம்மை இறங்கியதும் பிள்ளையை அனுப்புகிறேன் என்றார். "ஒங்களுக்கு ஏன் டீச்சர் இம்புட்டுப் பதட்டம்?" என்றும் கேட்டார். என்னத்தைச் சொல்ல? அவர் மறைத்ததற்கு இந்தக் கத்து கத்தினேனே, நான் மட்டும் என்ன அரிச்சந்திரனா? போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் கே.கே. நகர் டாக்டரம்மாவிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் பயமே இல்லை. போடவில்லை என்றால், இந்த மாதத்தில் வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் பாதிக்கலாம். ஊசி ஒன்று இருக்கிறது, சில நாளுக்குள் போட்டாக வேண்டும். ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு ரிசல்ட் வரும், அதுவரை பள்ளிக்கூடம் போகாதே என்றார். தலைமையாசிரியைக்குக் கேஸ் டிரபிள் முற்றிவிட்டது என்று மெசேஜ் அனுப்பினேன்.

ரத்தத்தைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை, பதில் எனக்கே தெரியும் என்றுதான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். என் அம்மாவின் வாழ்நாள் பெருமையே அதுதானே. எனக்கு நாலு வயதில் அண்ணனுக்கு அம்மை போட்டது. அன்றைக்கே என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோழவந்தானில் இருக்கிற அத்தை வீட்டில், அப்பாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் கூட்டிவந்தாள். "என் மக மேல ஒத்த முத்துப் படல" என்று கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் சொல்வாள். அந்த ஒரு மாதத்தில் நான் கொண்டுவந்தது நெற்றியில் ஒரு சின்னக் குழி மட்டும். அத்தை வீட்டு ஆட்டுக்குட்டி முட்டியதாம். அதனால் இன்றைக்கும் ரோட்டில் ஆட்டு மந்தை வந்தால் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை அம்மா வாடிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததிலிருந்து என் முகத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேர்க்குருவைப் பார்த்து இருவரும் அரைமணி நேரம் அழுதோம். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ஏற்கெனவே வந்து போயிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா.

நான் சந்தோஷப்படுவதற்குள் அம்மா குறுக்கே விழுந்தாள். லேப்பில் ரத்தத்தை மாற்றிவிட்டார்கள், என் மகளுக்கு அம்மையே போட்டதில்லை, எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். நிஜமாகவே மாறியிருந்தால்? ஊசி போடும் நாள் தாண்டிவிட்டால்? பிள்ளைக்கு என்ன ஆகும்? அம்மா சாட்சிக்கு அத்தையைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, என் விஷயத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டரை மாதமாக என்னிடம் மறைத்துவிட்டீர்களே என்று அத்தை முதலில் நன்றாகக் கோபித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆத்தா, அவளுக்குப் போட்டுச்சு," என்றார் அத்தை. "வந்த பத்தாம் நாளே போட்டுருச்சு. நெத்தியில இருக்கது ஆட்டுக்குட்டி முட்டுனது இல்ல. நீ நம்பி விட்டுட்டுப் போன பிள்ளை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்கிட்டச் சொல்ல?"

இருபத்தெட்டு வருஷப் பெருமை. அம்மா பிடித்துக் கிழிக்கப்போகிறாள் என்று நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"ரொம்ப அழுதாளா மதினி?"

"ராத்திரியெல்லாம் ஒன்னையத்தான் தேடுவா. தோள்ல போட்டுக்கிட்டே நடந்தேன். கீழ விட்டா வீறிடுவா. பதினோரு நாளு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஆறுதலும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, பேரப்பிள்ளைக்கு நீங்கள்தான் சேனை வைக்க வேண்டும் என்றாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தடவுவது அது. தடவுகிறவர் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எங்கள் பக்கம் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அத்தை பதறிப்போனார். "நான் வேணாம் ஆத்தா. பிள்ளை என்னைய மாதிரிப் பொய் சொல்லும்."

"சொன்னாச் சொல்லிட்டுப் போகுது," என்றாள் அம்மா. "பதினோரு நாளு தோள்ல போட்டு நடக்குற குணமும்தான வரும்."