கணியில் வைத்த மீன்

கொல்லம் ஆண்டு 1113, மேட மாதம் முதல் தேதி, விஷுப் பண்டிகை, விடியற்காலை நாலே முக்கால் மணி. முந்தின இரவு பத்து மணிக்குப் பிடித்த இடிமழை இரண்டு மணிக்கு விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று துளியும் இல்லை. வலியசாலைத் தெருவில் எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசலில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு ஒன்பது வயது. அடுத்த நிமிஷத்தில் நடந்ததற்கு இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். அதற்காக விட்டுவிட முடியுமா?

விஷுவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வியாபாரி எங்கள் தெருவுக்கு வந்தான். கறுப்புக் கோட்டு, தலையில் ஜரிகைத் தொப்பி. சுமைக்காரன் ஒருவன் தலையில் கூடை. கூடைக்குள் நாலு கண்ணாடிப் பரணி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன். எங்கள் தெருவில் மீன் என்பது பஞ்சாங்கத்து ராசிக் கட்டத்திலும் அவதாரப் படத்திலும் மட்டும் உள்ள பிராணி. உயிரோடு ஒன்றை அருகில் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். கதவுகள் வரிசையாகத் திறந்தன.

மீன் முக்கால் சாண் நீளம். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி. இரண்டு பக்கமும் விசிறி விரித்தாற்போல் துடுப்பு. முதுகில் ஈர்க்குச்சி நட்டாற்போல் முட்கள். பதின்மூன்று என்று எண்ணினேன். அது நீந்தவில்லை. சபையில் பெரிய மனிதர் எழுந்து நிற்பதுபோல் தண்ணீரின் நடுவே அசையாமல் நின்றது.

"சாமி, இது சாதாரண மீனில்லை, கேட்டேளா? செறகைப் பாருங்கோ, கருடனுக்கு உள்ள மாதிரி. விஷுக்கணியிலே வெச்சா வருஷம் பூரா ஐஸ்வர்யமாக்கும்" என்றான்.

அப்பா சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. ஆங்கிலப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்ப்பவர். அவர் கேட்ட ஒரே கேள்வி, இதற்கு உப்புத் தண்ணீர் வேண்டுமா என்பது.

"ஒரு குடம் கடல்வெள்ளம் சேர்த்துத் தாரேன் சாமி. காலத்தும் சாயங்காலமும் கொஞ்சம் மாத்தினா மதி."

சொல்லிக்கொண்டே நீண்ட காம்புள்ள சிரட்டை அகப்பையால் மீனை மெல்லத் தள்ளி, கூடையின் அடியிலிருந்து எடுத்த வாயகன்ற காலிப் பரணிக்கு மாற்றினான். ஒரு விரல்கூடத் தண்ணீரில் படவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"கையே படாம எடுக்கறானே! மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

அது அவன் காதில் விழுந்தது. "எங்கை பட்ட வெள்ளம் உங்க பூஜை அறைக்கு ஆகுமா அம்மா? அதுக்குத்தான் அகப்பை. இதையும் வெச்சுக்கோங்கோ, இனாம்."

கோயில் கதவுகள் எல்லா ஜாதிக்கும் திறந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றும் திறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அப்பா பேரம் பேசாமல் ஒரு ரூபாய் கொடுத்தார். பரணிக்கு விலை வேறு, திருப்பித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் தம்பி, இருபத்திரண்டு வயது, எங்கள் வீட்டில் தங்கி டைப் படித்துக்கொண்டிருந்தார். மேடம் நாலாம் தேதி கச்சேரியில் டைப்பிஸ்ட் வேலைக்கு டெஸ்ட். பன்னிரண்டு பேர் போட்டி, ஒரே இடம், மாதம் இருபத்தைந்து ரூபாய். வீட்டில் மெஷின் கிடையாது. ஆகவே ராத்திரி சாப்பாடானதும் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, என் முதுகில் பத்து விரலாலும் அடித்துப் பழகுவார். ஒவ்வோர் எழுத்துக்கும் முதுகில் ஓர் இடம் உண்டு. வரி முடிந்தால் காதைப் பிடித்து 'டிங்' என்று இழுப்பார். அந்த வருஷம் ஆங்கிலத்தில் எவ்வளவோ கடிதங்கள் என் முதுகு வழியாகப் போயிருக்கின்றன.

விஷு விடியலில் கண் திறந்ததும் முதலில் காண வேண்டிய மங்கலக் காட்சிதான் கணி. அதைப் பார்ப்பதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு முறை உண்டு. மூடிய கண்ணோடு போய்க் குனிந்து, கணிப் பொருள்கள் நிறைந்த உருளிக்கு வலது பக்கத்தில் வைத்திருக்கும் அகன்ற வெண்கலப் பாத்திரத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, இமையில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். விஷுவுக்கு முந்தின ராத்திரி அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தாள். உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, புதுத்துணி, கைப்பிடி வைத்த வால்கண்ணாடி, பவுன். விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடம் வலது பக்கம். அங்கே பரணியை வைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தை இடது பக்கத்துக்கு மாற்றினாள். அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பூஜை அறையில் வைக்கும் பொருள் கொட்டும் என்று எந்தக் குடும்பப் பெண்ணுக்குத் தோன்றும்?

வழக்கமாக அப்பாதான் முதலில் கணி பார்ப்பார். அன்று விட்டுக்கொடுத்தார்.

"இந்த வருஷம் மொதல் கணி அவனுக்கு. டெஸ்டுக்குப் போறவனாக்கும்."

அம்மா மாமாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். பின்னால் நான்.

"மெல்ல வாடா. குனி. தண்ணி தொட்டுக் கண்ணுல வெச்சுண்டு தெற."

"எங்கேக்கா?"

"எப்பவும் உள்ள எடத்துலதாண்டா."

பிறகு வந்த சத்தம் மாமாவின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி உடைந்தது. என் கால் நனைந்தது. "நீ கண்ணைத் தெறக்காதேடா!" என்று அம்மா கத்தினாள், அந்த நேரத்திலும் என் கணி கெட்டுவிடக் கூடாதே என்று. நான் திறந்துவிட்டேன். அந்த வருஷம் நான் கண்ட கணி மாமாவின் முகம். அதற்கு அப்பால், உருளி அரிசியில் கொன்றைப்பூவுக்கு நடுவே மீன் துள்ளிக்கொண்டிருந்தது. வால்கண்ணாடியில் இன்னொன்றும் துள்ளியது.

வலது ஆள்காட்டி விரலில் இரண்டு சின்னப் புள்ளிகள். அவ்வளவுதான் காயம். ஆறு மணிக்குள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. மாமா வேட்டியைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு சுவரில் தலையை மோதினார். தெருவே கூடிவிட்டது. வைத்தியர் சந்தனம் அரைத்துக் குளிரக் குளிரப் பூசினார். எதிர் வீட்டுக்காரர், மத்ஸ்யமூர்த்தியைத் தீண்டிய அபசாரம், நூற்றெட்டு முறை நாமம் சொல்ல வேண்டும் என்றார். அவர் மனைவி, கணியில் உயிருள்ள ஜந்துவை வைத்த பாவம் என்றாள். இன்னொருவர் மாமாவின் ஜாதகத்தைக் கேட்டார். விற்றவன் எங்கே என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களில் மூன்று பேர் அதே கூடையிலிருந்து மீன் வாங்கியவர்கள். தங்கள் வீட்டுப் பரணியை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை.

ஒன்பது மணிக்கு வில்வண்டியில் ஆஸ்பத்திரி. டாக்டர், எந்த மீன் என்று கேட்டார்.

"சிவப்பு" என்றார் அப்பா.

மீனைக் கொண்டுவந்தீர்களா என்றார் டாக்டர். அதைத்தான் அம்மா பட்டுத் துணியில் சுற்றி, மரியாதையோடு கிள்ளியாற்றில் விடச் சொல்லி அனுப்பியிருந்தாளே!

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போனார்கள். மாமா கட்டிலில் படுத்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து இடது கையால் நீட்டினார். விஷு அன்று சின்னவர்களுக்குக் கொடுக்கும் கைநீட்டம், எனக்கென்று முன்கூட்டியே எடுத்துவைத்த சக்கரக் காசுகள்.

"இடது கையாலயா குடுக்கறே?" என்று அம்மா பதறினாள்.

"வலது கை லீவு போட்டிருக்குக்கா" என்றார் மாமா.

நான்தான் சிரித்தேன். நாலாம் தேதி டெஸ்ட் நடந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

பதினோராம் தேதி அந்த வியாபாரி மறுபடியும் வந்தான். ஒளியவில்லை, ஓடவில்லை. அதே கோட்டு, அதே தொப்பி. பரணியை வாங்க வந்தானாம்! அப்பா வாசலுக்குப் போனார். அவ்வளவு கோபத்தோடு அவரை நான் பார்த்ததில்லை.

"விஷமுள்ள ஜந்துன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சாமி கேக்கல்லியே."

"கேக்கல்லைன்னா சொல்லாம விப்பாளோ?"

"நான் பாக்கத்தான் குடுத்தேன். கையை விடச் சொன்னேனா? அகப்பைகூட இனாமாத் தந்தேனில்லா? அக்ரஹாரத்திலே மீனைக் கையாலே தொடுவான்னு நான் கண்டேனா, சாமி?"

அப்பா தெருப் பக்கம் பார்த்தார். அங்கே நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனைத் தொட்ட வீடு என்ற பேச்சை வளர்க்க அவருக்கு இஷ்டமில்லை. உடைந்த பரணிக்கு என்ன விலை என்று கேட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காசை எந்தம்பி கையாலயே குடுக்கச் சொல்லுங்கோ! அந்த விரலாலயே எண்ணிக் குடுக்கட்டும்!"

வியாபாரி கேட்காததுபோல் தொப்பியைச் சரிசெய்தான். கட்டுப்போட்ட கையோடு மாமா வெளியே வந்தார். "குடுத்து அனுப்பிடுங்கோ அத்திம்பேர். எனக்கு அவன் மூஞ்சியைப் பாக்க வேண்டாம்."

அப்பாவிடம் சில்லறை இல்லை. "உன் கைநீட்டத்தைக் கொண்டாடா, அப்பறம் தரேன்" என்றார். கொண்டுவந்தேன். அவன் இரண்டு கையையும் ஏந்தினான். எனக்குப் பழக்கியிருந்தபடி, ஒரு சாண் உயரத்திலிருந்து, அவன் மேல் படாமல் காசைப் போட்டேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எனக்கு அதில் பெருமை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தக் கதையை என் பெஞ்சிலிருந்த நாயர் பையனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வலையில் அந்த மீன் வந்தால் செம்படவர்கள் கழியால் தள்ளிக் கடலிலேயே விடுவார்கள் என்றான். தினமும் மீன் வாங்குகிற வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். அப்படியானால் அந்த வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கோ சங்குமுகம் கடற்கரைக்கோ ஏன் போகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மீன் தின்னாத தெருவாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறான். அவன் அகப்பையை எங்களுக்கு அவன் காட்டிய மரியாதை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவன் பயந்தது மீனுக்கு. எங்கள் ஆசாரம் அவன் பயத்துக்குப் போட்ட உறை.

காலம் மாறிவிட்டது என்கிறார்கள். போன மாதம் ஒரு கண்ணாடித் தொட்டிக் கடையில் அதே மீனைப் பார்த்தேன். அதே வரி, அதே நிற்பு. வரவேற்பறைக்கு அழகு என்று ஒரு பலகை. இது விஷமாயிற்றே, வாங்குகிறவர்களிடம் சொல்கிறாயா என்று கடைப் பையனைக் கேட்டேன். "கையிடாதிருந்தா மதி, அங்கிள்" என்றான். கையை விடாமல் இருந்தால் போதுமாம். விஷப் புட்டியில் மண்டையோடு படம் ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மீனுக்கு மட்டும் விலைச் சீட்டு ஒட்டினால் போதுமா?

மாமாவின் விரல் ஆறிற்று, மடங்கவில்லை. ஆடி மாதம் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இலை எடை பார்க்கும் வேலைக்குப் போனார். போவதற்கு முந்தின இரவு, வெகுநாளைக்குப் பிறகு, என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். மெதுவாக ஆரம்பித்தார். முதுகில் ஓர் இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

"மாமா, நடுவுல நடுவுல விட்டுடறேள்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் விரல்கள் நின்றன. காதை இழுப்பார் என்று காத்திருந்தேன். அன்று 'டிங்' வரவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

மாமா கொடுத்த கைநீட்டத்தை அப்பா எனக்குத் திருப்பித் தரவே இல்லை. ஏழு சக்கரம்.