கை தூக்கி நின்ற பிள்ளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கு முதல் நன்மை. பலூன் ஊதிக் கட்ட ஆள் போதாதென்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பாதிப் பல்லும் இல்லை, மூச்சும் இல்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத சுபாவம், போய் உட்கார்ந்தேன். ஒரு சிவப்புப் பலூனை வாயில் வைத்ததும் றப்பர் மணமும் அதில் ஒட்டியிருந்த மாவும் நாக்கில் பட்டன. அவ்வளவுதான், நான் ஊதவேயில்லை. எங்கள் மாதா கோயில் மண்டபத்துக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு இருந்த அந்த நாளுக்குப் போய்விட்டேன்.

அது நாட்டில் சண்டை ஓய்ந்த புதிது. அதற்கு முன்பென்றால் தெரியாத வான் ஒன்று ஊருக்குள் வந்தால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். வந்தவர் யாரென்று பிறகு விசாரிப்போம். அந்த முறை ஃபாதர் பூசை முடிவில் அறிவித்தார்: அடுத்த ஞாயிறு பல்லுக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் மேடத்தோடு வருகிறார்கள், காசில்லாமல் பார்ப்பார்கள், பயப்படாமல் வாருங்கள்.

"பல்லுக்கும் ஒரு படிப்பா?" என்று என் காதுக்குள் கேட்டாள் மெற்றில்டா அக்கா. கருவாட்டு வாடியில் என்னோடு மீன் வெட்டுகிறவள், கோயிலிலும் வாய் ஓயாது. "எனக்கு மிஞ்சினதே நாலஞ்சு பல்லு. அதைப் பாக்க வான் பிடிச்சு வரினமாம்."

நான் சிரித்தேன். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான். நான் கூச்சக்காரி என்று ஊருக்கே தெரியும், அதனால் மூடுகிறேன் என்று நினைப்பார்கள். கூச்சமும்தான். ஆனால் வேறொன்றும் இருந்தது. இடப்பக்கக் கடைவாய்ப் பல் நெடுநாளாய்க் குத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கராம்பு வைத்துப் பார்த்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தேன். அதை விடுங்கள், பல்வலி யாருக்குத்தான் இல்லை. அந்தப் பல்லுக்குப் பக்கத்தில், நான் வெத்திலை அடக்கி வைக்கிற கன்னத்தின் உட்புறத்தில், நாக்கு பட்டால் சொரசொரவென்று ஓர் இடம். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாய்த் தெரிந்தது.

என் அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. கன்னத்தில் ஒரு வெள்ளை, பிறகு புண், கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை. அதனால் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

பல்லைக் காட்டலாம், கன்னத்தைக் காட்டாமல் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஒரே வாய்க்குள் அது எப்படி முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அன்றைக்கு அந்த அறிவு வரவில்லை.

அன்று நாங்கள் எல்லோருமாய்ச் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறக்கப் போகிறோமே என்று விடியவே எழுந்து கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். வெத்திலைக் கறை போகவேண்டுமென்று சிலபேர் கடல் மண்ணாலும் தேய்த்தார்கள். தேய்த்த வாயில் சோறு படக்கூடாதே. பிறகு நன்மை எடுக்கப் போகிறவர்கள் மாதிரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பூசை முடிந்த கையோடு வரிசையில் நின்றோம்.

மேடம் சிங்களத்தில் கேட்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெல்லிய உடம்புக்காரர். "எல்லாரும் சாப்பிட்டீர்களா?"

நாங்கள் பெருமையோடு இல்லை என்றோம். மேடம் தலையில் கை வைத்தார். வெறும் வயிற்றோடு வந்தவருக்குப் பல் பிடுங்குகிற ஊசி போட மாட்டார்களாம், போட்டால் ஆள் மயங்கி விழுந்துவிடுமாம், அது அவர்களுடைய சட்டமாம். ஃபாதர் ஆள் அனுப்பி பேக்கரிக் கடையிலிருந்த பாணையெல்லாம் எடுப்பித்தார். கன்னியர் மடத்திலிருந்து சம்பல் வந்தது. தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிய வாயெல்லாம் சம்பலில் சிவந்தது.

"இனி வீட்டை போய் மறுபடி தேய்க்கிறதோ?" என்றாள் மெற்றில்டா அக்கா, மூன்றாவது துண்டைச் சம்பலில் தோய்த்துக்கொண்டே.

அவர்களுக்கு இன்னும் சட்டங்கள் இருந்தன. இரண்டு இரண்டு பேராகத்தான் நிற்க வேண்டும். எங்கள் பாஷை தெரிந்த ஒருவர் அந்த இரண்டில் இருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றும் வாங்கக்கூடாது. மெற்றில்டா அக்கா நல்ல சீலாக் கருவாடு ஒரு பார்சல் கொண்டுபோயிருந்தாள், அதையும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "மணக்குதெண்டு வேண்டாம் எண்டுதுகளடி" என்று அவளுக்கு வருத்தம். "இல்லையம்மா, மணந்து மணந்துதான் பசிக்குது" என்று பதில் சொன்னாள் ஒரு பெண்பிள்ளை. அவளுடைய கதிரைதான் எனக்குக் கிடைத்தது.

பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று தெரிந்தது. பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் சிங்களப் பொடியன். மாத்தறைப் பக்கமாம். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டு நின்றதை நான் வாய் திறக்கும் முன்பே வாய் பிளந்து பார்த்தேன்.

"அம்மா, வாய்க்குள்ள பாக்கட்டோ?" என்றாள்.

என்னிடமா கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து என்னிடம் யாரும் ஒன்றுக்கும் உத்தரவு கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. செக்பொயின்ற்றில் பையைக் கொட்டிக் கிளறியவர்கள் கேட்கவில்லை. இவ்வளவு படித்தவள், என் வாய்க்குள் பார்க்க என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன். மாப் பூசிய றப்பர் கையுறை போட்ட விரலை வைக்கும் முன்பு மறுபடி கேட்டாள். "நொந்தா இடக்கையைத் தூக்குங்கோ அம்மா. நான் உடன நிப்பாட்டிடுவன்."

பல்லைப் பார்த்தாள். பிறகு, நான் பயந்தது போலவே, கண்ணாடிக் கரண்டியால் கன்னத்தை விலக்கினாள். டோர்ச் கிட்ட வந்தது. அவள் கை அப்படியே நின்றது. கரண்டியை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, நிமிர்ந்து, தன் வலக்கையை மேலே தூக்கினாள்.

மேடம் மண்டபத்தின் மற்ற மூலையில் இருந்தார். அங்கே ஒரு கிழவருடைய பல் வேர் உடைந்து, மேடம் அதை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என்ன பிள்ளை, என்ன இருக்கு?"

"மேடம் வந்து பாத்துத்தான் சொல்லோணும் அம்மா."

"உனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது. நான் இன்னும் படிக்கிற பிள்ளை. பிழையாச் சொன்னா, சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லதா கெட்டதா என்று ஓர் அடையாளமும் அதில் இல்லை. கை மட்டும் மேலேயே நின்றது. வலித்திருக்க வேண்டும், இடையில் கையை மாற்றினாள். அதைப் பார்த்த அந்தப் பொடியன் டோர்ச்சை மேசையில் வைத்துவிட்டுத் தானும் கையைத் தூக்கினான். நாளைக்கு டொக்டராகப் போகிற இரண்டு பேர், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி, எனக்காகக் கை தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடக் கை தூக்கியதில்லை. விடை தெரிந்தாலும் தூக்க மாட்டேன், வெளியே போக வேண்டுமென்றாலும் தூக்க மாட்டேன். அதன் பலனை அனுபவித்த கதையைச் சபையில் சொல்ல முடியாது. கை தூக்குகிறது தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். தெரிந்தவர்களும் தூக்குகிறார்களே என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மேடம் வந்தார். புதுக் கையுறை போட்டுக்கொண்டு கன்னத்தைத் தடவினார், கழுத்தின் இரு பக்கமும் அமத்திப் பார்த்தார், அந்தப் பிள்ளையிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். அவள் சொன்னதற்குத் தலையாட்டினார். பிறகு சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அது விளங்கும், ஆனாலும் அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாய்த் தமிழில் சொன்னாள். பல்லை இன்றைக்கே எடுக்கலாம். கன்னத்தைச் சிலாபம் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அங்கே ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். வெத்திலையை இன்றோடு விட வேண்டும்.

சொல்லிவிட்டு மேடம் எழும்பினார். மண்டபத்தில் வேறொரு கை உயர்ந்து நின்றது. அவர் போய்விட்டால் நான் கேட்காமலே வீட்டுக்குப் போவேன், கேட்காமலே சிலாபத்துக்கும் போகாமல் இருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

என் இடக்கை மேலே போனது.

"நோகுதோ அம்மா?" என்று பிள்ளை பதறினாள்.

"இல்லை மகள். ஒரு கேள்வி."

மேடம் மறுபடி உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. "கேளுங்க அம்மா" என்று தமிழிலேயே சொன்னார்.

"எங்கட அம்மாவைக் கொண்டுபோனது இதுதானோ?"

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள். "இப்ப அது இல்லையெண்டுதான் மேடம் நினைக்கிறா. ஆனா நிச்சயமாச் சொல்லத் துண்டு எடுத்துப் பாக்கோணும். இப்பிடியே விட்டா அதுவாகலாம். நீங்கள் நேரத்தோட வந்திட்டீங்கள்."

மேடம் பக்கத்தில் நிற்க அந்தப் பிள்ளைதான் பல்லை எடுத்தாள். வெளியே வந்தபோது மெற்றில்டா அக்கா கருவாட்டுப் பார்சலோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கையைத் தூக்கினியாம்?"

"ஓம்."

"நீயா?"

பஞ்சைக் கடித்திருந்ததால் அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. சிலாபத்துக்கு அவள்தான் என்னோடு பஸ்ஸில் வந்தாள்.

அந்த மண்டபம் இப்போது இல்லை. பக்கத்துக் காணி ஹோட்டலாகிவிட்டது, பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் அங்கே தங்குகிறார்கள். வாடியும் இல்லை. மெற்றில்டா அக்கா சேமக்காலைக் கல்லறையில். கடைசிவரை அவள் அந்த நாலஞ்சு பல்லை ஒருவருக்கும் காட்டவில்லை. வான் இரண்டொரு முறை வந்தது, பிறகு வரவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. இப்போது அவளும் ஒரு மேடமாகியிருப்பாள். எங்காவது ஒரு பிள்ளை கை தூக்கி நிற்க, திரும்பிப் பார்ப்பாள்.

"என்ன ஆன்ட்டி, ஊதாம யோசிக்கிறீங்க?" என்று போன ஞாயிறு பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். பலூனை வாயிலிருந்து எடுத்துவிட்டு நாக்கால் இடக்கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். சிலாபத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து வந்த பழக்கம் இது. பல் இல்லை. வெத்திலை இல்லை. அந்தச் சொரசொரப்பு இருந்த இடத்திலும் ஒன்றுமில்லை.